‘தெரியாது’ என்று எழுதும் துணிவு

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் ஒரு மாதத்துக்கு முன்னால் போன் செய்து, “நீ ஏழு வருஷம் சைனாவில இருந்துட்டு வந்திருக்கே. இருபது நிமிஷம் பேசு” என்றார். “எதைப் பத்தி அண்ணே?” என்றேன். “எதை வேணும்னாலும் பேசு. பிரியாணி வர்றதுக்கு முன்னால முடிச்சிடு” என்றார். பாம்புக் கறி, பட்டுப்புழு வறுவல் என்று எதிர்பார்த்து முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் மன்னிக்க வேண்டும். நான் பேசப் போவது சீன மருத்துவத்தைப் பற்றி. அதிலும் ஒரு மூலையைப் பற்றி மட்டும். இன்ன நோய்க்கு இன்ன மருந்து கொடுக்கலாம் என்று சீன மருத்துவ டாக்டர்களுக்கு வழிகாட்டிப் புத்தகங்கள் எழுதுகிறார்கள். அந்த வரிகளுக்கு ஆதாரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் பேச்சு.

நான் டாக்டர் இல்லை. இதே கட்டடத்தில் இன்ஸ்ட்ருமெண்டேஷன் படித்தவன். அதிலும் இரண்டு அரியர் வைத்துத் தேறியவன். ஆகவே கேள்வி நேரத்தில் யாரும் என்னிடம் மூட்டு வலிக்கு மருந்து கேட்டுவிடாதீர்கள். ஆனால் இந்த விஷயம் ஒரு நாள் என் வீட்டு வாசல் வரை வந்து நின்றது. அதனால்தான் பேசத் துணிந்தேன்.

மூலிகையும் மீட்டரும்

2018-இல் சிச்சுவான் மாநிலத் தலைநகர் செங்டுவுக்குப் போனேன். 2025-இல் திரும்பினேன். மூலிகைகளைக் காய்ச்சிக் குருணையாக்கும் தொழிற்சாலைகளுக்குக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அமைத்துக் கொடுப்பது எங்கள் கம்பெனியின் வேலை. நம் பாட்டிமார்கள் கஷாயம் வைத்தது போலத்தான் அங்கும் காலங்காலமாக மூலிகைகளை வீட்டில் காய்ச்சிக் குடித்தார்கள். இப்போது யாருக்கு நேரம் இருக்கிறது? தொழிற்சாலையில் ஒவ்வொரு மூலிகையையும் தனித்தனியே காய்ச்சி, சுண்டவைத்து, உலர்த்தி, காப்பித்தூள் மாதிரிக் குருணையாக்கிப் பொட்டலம் போட்டுவிடுகிறார்கள். டாக்டர் எழுதிய பொட்டலங்களை வெந்நீரில் கலக்கிக் குடிக்க வேண்டியதுதான். பல வருஷம் சோதனை முறையில் நடந்துவந்த இந்தத் தொழிலை 2021 நவம்பர் முதல் தேசியத் தர அளவுகளுக்குள் கொண்டுவந்தார்கள்.

அங்கே நான் கற்ற முதல் பாடம், மூலிகையின் பெயரை மட்டும் சொன்னால் போதாது என்பது. விளைந்த மண், பறித்த மாதம், காய்ச்சிய நேரம் எல்லாவற்றுக்கும் ஏற்பச் சரக்கு மாறும். அதனால் ஒவ்வொரு பேட்சுக்கும் குரோமட்டோகிராபியில் ஒரு கோட்டுப்படம் எடுத்து மூலப் படத்தோடு ஒப்பிடுவார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே ‘கைரேகை’. ரேகை ஒத்துப்போனால்தான் பேட்ச் வெளியே போகும். நேற்று ஒருவரைக் குணப்படுத்திய மருந்தும் இன்று இன்னொருவர் குடிக்கும் மருந்தும் ஒன்றுதானா என்பதே தெரியாவிட்டால், அதன் குணத்தைப் பற்றி என்ன பேச?

ஒரு சீன மருத்துவ ஆஸ்பத்திரியில் குருணை அளந்து கொடுக்கும் இயந்திரம் வைக்கப் போனபோது அங்கிருந்த டாக்டர் ஒருவர் பழக்கமானார். ஐம்பது வயதிருக்கும். சீன மருத்துவ ஆஸ்பத்திரி என்றால் வேரும் பட்டையும் மட்டும் என்று நினைக்காதீர்கள். சி.டி. ஸ்கேன் உண்டு, ஐ.சி.யு. உண்டு. நாடியும் பிடித்துப் பார்ப்பார்கள், ரத்தப் பரிசோதனைத் தாளையும் படிப்பார்கள். அவர் மேசையில் தடித்த வழிகாட்டி ஒன்று எப்போதும் கிடக்கும். என் அரைகுறைச் சீனத்தை வைத்துக்கொண்டு அதைப் புரட்டுவேன்.

அதில் ஒரு வரி இப்படி இருக்கும். முதலில் நோயின் பெயர். பக்கவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது ‘செங்’. நாக்கின் நிறம், நாடியின் போக்கு, முகம் சிவந்திருக்கிறதா, மலச்சிக்கல் உண்டா என்றெல்லாம் பார்த்து முடிவு செய்யும் அறிகுறிக் கூட்டு அது. ஈரலின் உஷ்ணம் மேலேறியவருக்கு ஒரு மருந்து, உயிர்ச்சக்தி தளர்ந்து ரத்தம் தேங்கியவருக்கு வேறு மருந்து. வியாதி ஒன்றானாலும் வைத்தியம் வேறு. மூன்றாவது, மருந்தின் பெயர். அது 1830-இல் வாங் சிங்ரென் வெளியிட்ட நூலில் வரும் கஷாயமாக இருக்கலாம். நம் காலத்தில் வந்த காப்ஸ்யூலாகவும் இருக்கலாம். வரியின் கடைசியில் சின்னதாக இரண்டு குறிகள். ஒன்று சான்றின் தரம், மற்றது பரிந்துரையின் வலு. அந்தக் குறிகளை நான் அப்போது கண்ணெடுத்தும் பார்த்ததில்லை.

அந்த அக்டோபர் இரவு

2022 அக்டோபர். செங்டுவில் இரவு ஒன்றரை மணி, நம் ஊரில் பதினொன்று. அண்ணன் போன் செய்தான். “அப்பா விழுந்துட்டார்டா. ஸ்கேன்ல மூளைக்குள்ள ரத்தக் கசிவுன்னு சொல்றாங்க. இடது பக்கம் அசைவே இல்லை.”

அப்பா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிடையர் ஆனவர். அறுபத்தாறு வயது வரை ஒரு தலைவலி மாத்திரைகூட வாங்கிச் சாப்பிடாதவர். எனக்குக் கை கால் ஓடவில்லை. இந்தியாவுக்கு நேரடி விமானம் கிடையாது. கொரோனாக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்த நேரம். சீட்டு கிடைத்து நான் ஊர் வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று.

அந்த விடியற்காலையில் அந்த டாக்டர் வீட்டுக் கதவைத்தான் தட்டினேன். “டாக்டர், இதுக்கு உங்ககிட்ட மருந்து இருக்கு. உங்க புத்தகத்தில நானே பார்த்திருக்கேன். பேரைச் சொல்லுங்க. சிங்கப்பூர் வழியாவோ துபாய் வழியாவோ எப்படியாவது அனுப்பிடறேன்” என்றேன்.

அவர் நிதானமாகப் புத்தகத்தை எடுத்தார். பக்கத்தைத் திருப்பி, ஒரு வரியின் கடைசியில் விரலை வைத்தார். “இதைப் படியுங்க.”

“சான்று: குறைவு” என்று இருந்தது.

“அப்படின்னா?”

“இது உங்க அப்பாவுக்கு நல்லது செய்யுமான்னு எனக்குத் தெரியாது.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “இருபத்தஞ்சு வருஷமா நீங்களே கொடுத்துட்டு வர்றீங்களே!”

“கொடுத்திருக்கேன். கொடுத்தவங்கள்ல பல பேர் எழுந்து நடந்தாங்க. கொடுக்காதவங்கள்லயும் பல பேர் எழுந்து நடந்தாங்க. ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சு நான் எண்ணிப் பார்த்ததில்லை. இப்ப நாடு முழுக்க இந்த மாதிரி ஒரு மருந்தை வச்சுச் சோதனை நடந்துட்டு இருக்கு. அது முடியாம நான் ஒண்ணும் சொல்ல முடியாது. உங்க ஊர் டாக்டர் ரத்த அழுத்தத்தைக் குறைச்சுக்கிட்டு இருப்பார். அதை ஒழுங்காப் பார்க்கச் சொல்லுங்க. சர்க்கரையையும் காய்ச்சலையும் கவனிக்கச் சொல்லுங்க.”

அவர் கொடுத்த டீயைக் குடிக்காமல், ஒரு நன்றிகூடச் சொல்லாமல் வெளியே வந்தேன். அண்ணன் மறுநாள் கேட்டான்: “இத்தனை வருஷம் சைனாவில இருந்து என்னடா பிரயோஜனம்? அவங்க ஊர் மருந்து ஒண்ணு அனுப்ப முடியலியே!” அவன் ஆற்றாமையில் சொன்னதுதான். ஆனாலும் அந்த வார்த்தை இரண்டு வருஷம் என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

அப்பா பிழைத்துக்கொண்டார். பிசியோதெரபியில் கால் வந்துவிட்டது. இடது கை பாதிதான் வந்தது.

நாம் எல்லோரும் எடுத்த 9.8

2023-இல் மறுபடி வேலைக்குப் போனேன். கோபம் ஆறியிருந்தது. வெட்கத்தை விட்டு அந்த டாக்டரிடமே போய், “அந்தக் கடைசிக் குறியை யார் போடறாங்க, எப்படிப் போடறாங்க?” என்று கேட்டேன். அவர் பல ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சொன்னதன் சுருக்கம் இது.

ஒரு வழிகாட்டி எழுதுவதற்கு டாக்டர்களும் புள்ளியியல் தெரிந்தவர்களும் குழுவாக உட்காருகிறார்கள். முதலில் கேள்வியை முடிவு செய்கிறார்கள். எந்த நோயாளிக்கு, எந்த மருந்து, எதோடு ஒப்பிட்டு, எந்தப் பலன்? பிறகு அது சம்பந்தமாக வெளிவந்த ஆய்வுகள் எல்லாவற்றையும் தேடி எடுக்கிறார்கள். அவற்றைத் தரம் பிரிக்க ‘கிரேடு’ என்ற சர்வதேச முறை இருக்கிறது. உயர்வு, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு என்று நாலு படி. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்குப் பிளாஸிபோ என்ற டம்மி மருந்தோ வேறு சிகிச்சையோ கொடுத்துப் பார்த்த ஆய்வு என்றால் மேல் படியில் தொடங்கும். அப்புறம் குறை கண்ட இடத்திலெல்லாம் ஒவ்வொரு படியாக இறக்குவார்கள்.

இறக்குவதற்கு ஐந்து காரணம். நம் லேப் பாஷையிலேயே சொல்கிறேன். ஒன்று, மீட்டரைப் படிப்பவனுக்கு விடை முன்பே தெரிந்திருப்பது. இரண்டு, ஒரே சோதனை ஒவ்வொரு லேபிலும் ஒவ்வொரு விடை கொடுப்பது. மூன்று, ஒரு கம்பியைச் சோதித்துவிட்டு வேறு கம்பிக்குச் சர்டிபிகேட் கொடுப்பது. நாலு, மூன்றே மூன்று சாம்பிளை வைத்துக்கொண்டு முடிவு சொல்வது. ஐந்து, சரியாக வராத ரீடிங்கை ரெக்கார்டில் எழுதாமலே விடுவது.

இந்த ஐந்தாவதுக்கு நாம் எல்லோருமே குற்றவாளிகள். முதல் வருஷம் பெண்டுலம் சோதனை ஞாபகம் இருக்கிறதா? நூல் அறுந்தவனுக்கும், ஸ்டாப்வாட்ச் நின்றுபோனவனுக்கும், அன்றைக்கு லேபுக்கே வராதவனுக்கும்கூட ரெக்கார்டில் ‘ஜி’யின் மதிப்பு 9.8 வந்துவிட்டது! (சிரிப்பு) பேராசிரியர் அதோ சிரிக்கிறார். ஸார், உங்களுக்கு அப்போதே தெரியும்.

1998-இல் ஆங்கிலேய ஆய்வாளர்கள் ஒரு கணக்கு எடுத்தார்கள். எந்த எந்த நாட்டிலிருந்து வரும் மருத்துவச் சோதனைகளில் எத்தனை சதவீதம் ‘புதிய சிகிச்சை நல்லது’ என்று முடிகிறது என்று பார்த்தார்கள். இங்கிலாந்து 75. சீனா 99. அக்குபங்சர் ஆய்வுகளிலோ சீனாவிலிருந்து வந்த அத்தனையும் வெற்றி. நூறு பேர் தேர்வு எழுதி நூறு பேரும் முதல் வகுப்பு என்றால் நாம் என்ன நினைப்போம்? மாணவர்களைப் பற்றி அல்ல, தேர்வைப் பற்றித்தான் சந்தேகப்படுவோம்.

இதைவிட என்னை அசத்தியது 2009-இல் வந்த ஒன்று. செய்தவர்கள் வெளியாட்கள் இல்லை, செங்டுவில் இருக்கும் சீன ஆய்வாளர்களேதான். சீனப் பத்திரிகைகளில் ‘குலுக்கல் முறை’ என்று போட்டு வந்த 2,235 ஆய்வுகளை எழுதியவர்களைத் தொலைபேசியில் பிடித்து, “எப்படிப் பிரித்தீர்கள்?” என்று கேட்டார்கள். நவீன மருத்துவ ஆய்வுகளும் அதில் உண்டு, சீன மருத்துவ ஆய்வுகளும் உண்டு. முறையாகக் குலுக்கல் செய்தவர்கள் 207 பேர்தான். மற்றவர்கள் பலருக்கு அந்த வார்த்தையின் பொருளே சரியாகப் புரியவில்லை. வெளியாள் சொன்னால் சண்டைக்குப் போகலாம். தன் வீட்டுக் குப்பையைத் தானே கூட்டி வாசலில் வைத்தவர்களை என்ன சொல்ல முடியும்?

அதற்குப் பிறகு சோதனைகள் மெல்லத் திருந்தின. 2009-இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது ஒரு சோதனை நடந்தது. சாங் சோங்சிங் என்ற வைத்தியர் சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் எழுதிய கஷாயம் ஒன்று, 1798-இல் வந்த நூலிலிருந்து இன்னொன்று. இரண்டையும் சேர்த்து 410 நோயாளிகளிடம் பார்த்தார்கள். காய்ச்சல் விட மருந்தில்லாதவர்களுக்கு 26 மணி நேரம். ஓசல்டாமிவிர் மாத்திரைக்கு 20. கஷாயத்துக்கு 16. இரண்டும் சேர்த்துக் கொடுத்தால் 15. இவை இடைநிலை மதிப்புகள். 2011-இல் அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. அருமை என்று நான் கைதட்டினேன். டாக்டர், “அவசரப்படாதீங்க. டம்மிக் கஷாயம் கொடுக்கலை. யார் எதைக் குடிக்கிறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். ஒரு படி இறக்கணும்” என்றார். சொந்த ஊர் மருந்து என்பதற்காக அவர் அந்தப் படியை விட்டுக்கொடுக்கவில்லை.

சீன மருத்துவத்துக்கே உரிய சிக்கல் அந்த மூன்றாவது காரணத்தில் இருக்கிறது. சோதனை நடப்பது பெரும்பாலும் கம்பெனிக் காப்ஸ்யூலில். ஏனென்றால் அதைச் சோதிக்கப் பணம் போட ஆள் இருக்கிறது. டாக்டர் எழுதுவதோ நாடி பார்த்து இரண்டு மூலிகையைக் கூட்டி ஒன்றைக் குறைத்த கஷாயம். அதன் சான்று இதற்குப் பொருந்துமா? தவிர, ஒரே நோயாளியை இரண்டு டாக்டர்கள் பார்த்து ஒரே ‘செங்’ சொல்வார்களா? ஒரே அளவை இரண்டு மீட்டர் இரண்டு விதமாகக் காட்டினால் நாம் முதலில் மீட்டரைத்தானே சரிபார்ப்போம்? இதற்காகத்தான் 2017-இல் மூலிகைச் சோதனைகளுக்கென்று தனி விதிமுறை வெளியிட்டார்கள். மூலிகை எது, எவ்வளவு, தரம் எப்படிப் பார்த்தது, எந்தச் ‘செங்’ நோயாளிகள் என்று எல்லாவற்றையும் கட்டுரையில் எழுத வேண்டும்.

பழைய நூலுக்கு என்ன இடம்?

நீங்கள் கேட்பீர்கள். ஆயிரக்கணக்கான வருஷ அனுபவம் இருக்கிறதே, அது சான்று இல்லையா? நானும் கேட்டேன்.

பெய்ஜிங் சீன மருத்துவப் பல்கலைக்கழகத்தின் லியு சியென்பிங் 2007-இல் இதற்கு ஒரு ஏணி அமைத்தார். ஐந்து படி. நீண்ட காலம் பரவலாகப் பயன்பட்டு நூல்களில் பதிவான சிகிச்சைக்கு நாலாவது படி கொடுத்தார். சரிபார்க்கப்படாத நிபுணர் கருத்துக்குக் கடைசிப் படி. எவ்வளவு பெரிய வைத்தியராக இருந்தாலும் ‘நான் சொல்கிறேன்’ என்பது மட்டும் என்றால் ஐந்தாவது படிதான். பழைய நூலைத் தூக்கி எறியவும் இல்லை, தலையில் தூக்கி வைக்கவும் இல்லை. ஏணியில் ஓர் இடம் கொடுத்தார், அவ்வளவுதான்.

அந்த இடம் சரியானதுதான் என்று காட்ட டாக்டர் எனக்கு இரண்டு கதை சொன்னார்.

முதலாவது மலேரியாக் கதை. கெ ஹோங் என்ற வைத்தியர் நாலாம் நூற்றாண்டில் எழுதிய நூலில், காய்ச்சலுக்குச் சிங்ஹாவ் என்ற செடியை ஒரு பிடி எடுத்து, தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்கச் சொல்கிறார். 1967-இல் தொடங்கிய ராணுவ ஆராய்ச்சித் திட்டத்தில் டு யூயூ அம்மையார் பிற்பாடு சேர்ந்தார். காய்ச்சச் சொல்லாமல் பிழியச் சொல்கிறாரே, சூடு பட்டால் சத்து கெடுமோ என்று யோசித்து, ஈதரை வைத்துக் குறைந்த வெப்பத்தில் சாரத்தை எடுத்தார். 1971 அக்டோபரில் அது எலியின் மலேரியாவை முழுவதும் ஒழித்தது. 2015-இல் நோபல் பரிசு. இதுவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் நோயாளியின் படுக்கையருகே அந்த மருந்தின் வழிவந்த ஊசி முதல் இடத்துக்கு வந்தது நூலை வைத்து அல்ல, பரிசை வைத்தும் அல்ல. இந்தியா, வங்கதேசம், மியான்மர், இந்தோனேசியா ஆகிய நாடுகளில் கடும் மலேரியா கண்ட 1,461 பேரிடம் ஆர்ட்டிசுனேட் ஊசியையும் பழைய குயினைனையும் ஒப்பிட்டார்கள். குயினைன் கொடுத்தவர்களில் 22 சதவீதம் பேர் இறந்தார்கள். ஆர்ட்டிசுனேட் கொடுத்தவர்களில் 15 சதவீதம். 2005-இல் இந்த முடிவு வந்தது. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி பெரியவர்களுக்கு ஆர்ட்டிசுனேட்டைச் சொல்லிவிட்டது. பழைய நூல் எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டியது. தண்ணீர் வந்ததா என்று சொன்னது சோதனை.

இரண்டாவது கதை கசப்பானது. பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் உடம்பு இளைக்க என்று ஒரு சிகிச்சையில் சீன மூலிகைப் பொடியும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஃபாங்ஜி என்ற பெயரில் இரண்டு செடி உண்டு. ஒன்றுக்குப் பதில் மற்றது வந்துவிட்டது. 1993-இல் விஷயம் வெளியே தெரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது. சிலருக்குப் பின்னால் சிறுநீர்ப் பாதையில் புற்றும் வந்தது. காரணம் அரிஸ்டலோகிக் அமிலம். அதே அமிலம் உள்ள குவான் முதுங் என்ற கொடி சீன மாத்திரைகளிலும் இருந்தது. 2003-இல் சீன அரசு அந்தச் சரக்கின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் அதே இனத்துச் செடிகள்தான் என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

இத்தனை தலைமுறை அனுபவத்தில் இது ஏன் தெரியவில்லை? மெக்கானிக்கல் நண்பர்களுக்குப் புரியும். பளு ஏற்றியவுடன் கம்பி முறிந்தால் யாருக்கும் தெரியும். சூட்டிலும் பளுவிலும் வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல நீண்டு ஒரு நாள் முறிந்தால், அன்றைக்கு ஏற்றிய பளுவைத்தான் குறை சொல்வார்கள். மருந்து குடித்தவுடன் வயிறு வலித்தால் வைத்தியர் நூலில் எழுதி வைப்பார். ஐந்து வருஷம் கழித்துச் சிறுநீரகம் நின்றுபோனால் யார் அந்த மருந்தை நினைக்கப் போகிறார்கள்? அனுபவத்துக்கு உடனே நடப்பது தெரியும். தாமதமாக நடப்பதை எண்ணித்தான் கண்டுபிடிக்க முடியும்.

0.44-ம் 0.44-ம்

2023 அக்டோபரில் ஒரு நல்ல செய்தி வந்தது. துங்சின்லுவோ என்று ஒரு காப்ஸ்யூல். ஜின்செங்கோடு அட்டை, தேள், பூரான் எல்லாம் சேர்ந்தது; முகத்தைச் சுளிக்காதீர்கள். கடும் மாரடைப்பு வந்தவர்களுக்கு வழக்கமான சிகிச்சையோடு கூடச் சேர்த்துக் கொடுத்தார்கள். 124 ஆஸ்பத்திரிகள், 3,777 நோயாளிகள், பாதிப்பேருக்கு டம்மி. முப்பது நாளில் மரணம், மறு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் கேடுகள் டம்மி எடுத்தவர்களில் 5.2 சதவீதம், மருந்து எடுத்தவர்களில் 3.4 சதவீதம். டாக்டர் அன்றைக்குக் குழந்தை மாதிரிச் சந்தோஷப்பட்டார். கூடவே, “செலவில தயாரிப்பாளர் பங்கும் இருக்கு. வழிகாட்டிக் குழு அதையும் பார்க்கணும். வேற ஆளுங்க செஞ்சும் இதே மாதிரி வரணும்” என்றார்.

2024 நவம்பரில் மற்றொரு முடிவு லான்செட் இதழில் வந்தது. அந்த விடியற்காலையில் அவர் சொன்னாரே, அந்தச் சோதனை. மூளைக்குள் ரத்தம் கசிந்து 48 மணி நேரத்துக்குள் வந்த 1,648 நோயாளிகள், 26 சீன ஆஸ்பத்திரிகள். பாதிப்பேருக்கு எஃப்.ஒய்.டி.எஃப்-919 என்ற மூலிகைத் திரவம், பாதிப்பேருக்கு அதே நிறத்தில் டம்மித் திரவம், 28 நாள். யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. மூன்று மாதம் கழித்து நோயாளி எவ்வளவு தேறியிருக்கிறார் என்பதற்கு ஒரு மதிப்பெண். மருந்து எடுத்தவர்களுக்கு 0.44. டம்மி எடுத்தவர்களுக்கும் 0.44.

டாக்டர் அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். அவர் முகம் வாடியிருந்தது. “இது வேலை செய்யும்னு நான் நம்பினேன். உங்க அப்பா விஷயத்திலகூட, கொடுத்தா என்னன்னு அன்னிக்கு ராத்திரி பூரா யோசிச்சேன்” என்றார். “அந்த மாதிரி வரிகளை இனி மறுபடி எடுத்துப் பார்க்கணும்” என்றும் சொன்னார். தன் கையால் வருஷக்கணக்காகக் கொடுத்ததைப் பற்றி ஒரு வைத்தியர் அப்படிச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு வருஷம் கழித்து அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “டீயைக் குடிக்காமப் போனீங்களே, அதுக்கு மட்டும் கேளுங்க” என்றார்.

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தோற்றது ஒரு மருந்து, ஒரு நோயில். அதை வைத்துச் சீன மருத்துவமே பொய் என்றால் அதுவும் சான்றில்லாத பேச்சு. துங்சின்லுவோவை வைத்து எல்லாமே உண்மை என்பது எப்படியோ, அப்படித்தான் இதுவும். ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகத்தான் கணக்கு. மறுபக்கம், அன்று அவர் சொன்ன அந்தச் சாதாரண வைத்தியத்துக்கு, அதாவது ரத்த அழுத்தம், சர்க்கரை, காய்ச்சல் இவற்றைச் சேர்த்துச் சீக்கிரமே கட்டுப்படுத்துவதற்கு, பத்து நாடுகளில் 7,036 பேரிடம் நடந்த சோதனையில் 2023-இல் பலன் தெரிந்துவிட்டது. அதில் சீனாவும் உண்டு, இந்தியாவும் உண்டு. நான் கேட்டது மருந்தின் பெயர். அவர் கொடுத்தது அதைவிட உதவியான பதில்.

அன்று இரவு அப்பாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். “உங்களுக்கு அனுப்பலியேன்னு ரெண்டு வருஷமா மனசில இருந்துச்சுப்பா” என்றேன். அவர் சிரித்தார்.

“ஏண்டா, சப்-ஸ்டேஷன்லேர்ந்து லைன் ஆஃப்னு போன்ல சொன்னா மட்டும் நான் என்னிக்காவது கம்பியில கையை வச்சிருக்கேனா? டெஸ்ட் பண்ணி, எர்த் போட்டப்புறம்தானே தொடுவேன்? சொன்னவன் நல்லவனா இருந்தா மட்டும் கரண்டு கேட்டுக்குமா? அந்த டாக்டர் நம்ம டிபார்ட்மெண்டு ஆளுடா!”

நண்பர்களே, நம்மில் பலர் இன்று ஏதோ ஒரு கையேட்டுக்கோ தர அளவுக்கோ கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கிறோம். சித்த மருத்துவத்தில் ஈடுபாடு உள்ளவர்களும் இங்கே இருக்கிறார்கள். நம் ஏட்டுச்சுவடிகளுக்கும் இதே கேள்வி காத்திருக்கிறது. எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது எவ்வளவு தெரிந்து எழுதியது என்றும் ஒரு சின்னக் குறி போடுங்கள். தெரியாத இடத்தில் தெரியாது என்றே போடுங்கள். எங்கோ ஒருவன் நடு ராத்திரியில் அந்த வரியை நம்பி உங்கள் கதவைத் தட்டுவான். அவனுக்கு அந்தக் குறி அன்றைக்குக் கோபத்தைக் கொடுக்கலாம். பின்னால் அவன் உங்களுக்கு நன்றி சொல்வான்.

பிரியாணி வாசனை வந்துவிட்டது. செயலாளர் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாவது வரிசையில் இடது கையை மடியில் வைத்து, வலது கையால் நாற்காலியைத் தட்டிக்கொண்டிருக்கும் என் அப்பாவுக்கு நன்றி.